தண்ணீரில்லாக் காடு

என் பெரியப்பா ஒரு சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். மேலதிகாரி நீட்டிய ஒரு கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். பத்தே நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. போகவேண்டிய ஊர் தருமபுரி.

எங்களுடையது கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் வயல். வயலைத் தாண்டினால் ஆறு. அப்படிப்பட்ட வீட்டில் அந்த உத்தரவு எழவுச் செய்தி மாதிரி வந்து விழுந்தது. பாட்டி அன்று சாப்பிடவில்லை. "அந்தத் தண்ணியில்லாக் காட்டிலே குழந்தைகளை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணுவேன்?" என்று பெரியம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். பெரியப்பா மட்டும் போனார்.

போன மறு மாதமே அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் ஒரு வாக்கியம் எங்கள் குடும்பத்தில் வெகு நாள் பேச்சாக இருந்தது. 'நம் கொல்லைக்கு வருகிற காவிரி இங்கேதான் பாறையிலிருந்து குதிக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்களையெல்லாம் விசாரித்தது' என்று எழுதியிருந்தார். மூன்று வருஷம் கழித்துத் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பி வர வாய்ப்பு வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. களிக்குப் பழகிவிட்டார் என்று பாட்டி தீர்ப்புச் சொன்னாள்.

தண்ணீரே இல்லாத ஊரில் காவிரி எப்படிக் குதிக்கும் என்ற சந்தேகம் எனக்குச் சிறு வயதிலேயே உண்டு. அதைத் தீர்த்துக்கொள்ள நாற்பது வயதைத் தாண்டவேண்டியிருந்தது. தருமபுரியில் ஒரு நூலகக் கூட்டத்துக்குப் பேச அழைத்தார்கள். பேசியது ஒரு மணி நேரம். தங்கியது ஐந்து நாள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என்னைக் கையோடு பிடித்துக்கொண்டுவிட்டார். ஊர் முழுவதும் அவரை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டேன்.

"தருமபுரி என்று சொல்லாதீர்கள் தம்பி, தகடூர் என்று சொல்லுங்கள்" என்பது அவர் எனக்கு இட்ட முதல் கட்டளை.

தகடூர் என்றதும் நெல்லிக்கனி ஞாபகம் வராத தமிழர் இருக்க முடியாது. அதியமான் நெடுமான் அஞ்சி, அரிதாகக் கிடைத்த கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்தான் என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். அதோடு மறந்தும் விடுகிறோம். கரும்பைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்று புறநானூறு சொல்கிறது. அவனுக்காக ஔவையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனார். போன இடத்தில், உன் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளவென்று கொட்டிலில் இருக்கின்றன, எங்கள் அரசனுடைய ஆயுதங்களோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற கருத்தில் பாடினார். புகழ்வது போலத் தொண்டைமானைக் கேலி செய்கிற அந்தச் சாமர்த்தியம் எங்களைப் போன்ற கதாசிரியர்களுக்கு இலேசில் வராது.

ஆனால் முடிவு துக்கமானது. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை அழித்தான். அந்தப் போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூலே இருந்தது. நூல் போய்விட்டது. பழைய தொகுப்பிலும் உரைகளிலும் மேற்கோளாக அகப்பட்டுக்கொண்ட சில பாடல்கள் மட்டும் பிழைத்தன. அதியமான் இறந்த பிறகு அவனுக்குக் கல் நட்டார்கள். மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் வார்த்துப் படைத்தார்கள். மலை நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சிறு கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று ஔவையார் மனம் உடைந்து கேட்டார். அந்தக் கல் இதுவரை கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு ஒன்று. திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்ற கிராமத்துக் குன்றில் 1981ல் ஒரு கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். ஒரே வரி, பழைய பிராமி எழுத்து. சத்தியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பது அதன் பொருள். அசோகச் சக்கரவர்த்தி தம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரர் என்று ஒரு வம்சத்தையும் சேர்த்துச் சொல்கிறார். அந்தச் சத்தியபுத்திரர் யார் என்று பண்டிதர்கள் வெகு காலம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜம்பைக் குன்றின் ஒற்றை வரி அந்தச் சண்டையை முடித்துவைத்தது. அதியமான் புலவரின் கற்பனை இல்லை, அசோகனுக்கே தெரிந்த வம்சத்துக்காரன் என்று வாத்தியார் சொன்னபோது, தம் சொந்தப் பாட்டனாரைப் பற்றிச் சொல்வது போல அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு வந்த ராஜாக்களை வரிசையாகச் சொல்லி வாசகர்களைத் தூங்கப் பண்ணப் போவதில்லை. பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், போசளர், விஜயநகரத்தார், மைசூரார் என்று எல்லோரும் இந்த வழியாகப் போயிருக்கிறார்கள். மைசூர் மேட்டிலிருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்குகிற படி இந்த நாடு. படியில் கால் வைக்காமல் யாரும் இறங்க முடியாது. இவர்களில் நுளம்பருக்கு மட்டும் ஒரு நமஸ்காரம். தருமபுரிக் கோட்டைக் கோயிலில் மல்லிகார்ஜுனர் மண்டபத்தில் அவர்கள் காலத்துத் தூண்களைப் பார்க்கலாம். அங்கே தரையில் முழுக்கப் பதியாத தொங்கும் தூண்கள் இருக்கின்றன. அடியில் காகிதத்தை நுழைத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுத்துக் காட்டுகிறார்கள். நானும் இழுத்துப் பார்த்தேன். ஆனால் அதைவிடக் காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தில் சுற்றிவரச் செதுக்கியிருக்கும் ராமாயணச் சிற்பங்கள்தாம் என்னை உட்காரவைத்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு சாண் அளவுதான். குனிந்து, பிறகு மண்டியிட்டு, கடைசியில் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தேன். அர்ச்சகர் என்னைச் சந்தேகத்தோடு கவனித்தார்.

ராஜாக்கள் போன பிறகு கும்பினியார் வந்தார்கள். 1792ல் திப்பு சுல்தான் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் என்ற இந்தச் சீமை அவர்கள் கைக்கு மாறியது. நிர்வாகத்துக்குக் காப்டன் அலெக்சாண்டர் ரீடு வந்தார். அவருக்கு உதவியாக வந்த இளம் ராணுவ அதிகாரி தாமஸ் மன்றோ. சென்னையில் சேணம் இல்லாத குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, அதே மன்றோதான். பின்னாளில் சென்னை ராஜதானியின் கவர்னரான அவர், தம் வாலிபத்தின் ஏழு வருஷங்களைத் தருமபுரியில் கழித்தார். இங்கே ஒரு தோட்டம் போட்டார். ஊருக்கு எழுதிய கடிதங்களில் அதைப் பற்றிப் பிரியமாகக் குறிப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு வயலையும் சங்கிலி பிடித்து அளந்து, இடையில் பெரிய மனிதர் யாரும் இல்லாமல் குடியானவனிடமே நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் முளைவிட்டது. பிறகு ராஜதானியின் பெரும் பகுதிக்கும் அது பரவியது. வேடிக்கை என்னவென்றால், மன்றோ இந்த இடத்தை விட்டுப் போனதும் முளைவிட்ட இடத்திலேயே அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கிராமங்களை மிட்டாக்களாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நல்ல காரியம் செய்கிறவர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்பதில் அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வயலை அளந்தவர்கள் மழையை அளக்கவில்லை. 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மிகவும் அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. தருமபுரி அப்போது அதற்குள் அடக்கம். (தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ஆம் தேதி. 2004ல் கிருஷ்ணகிரியும் தனிக் குடித்தனம் போய்விட்டது.) பஞ்சத்துக்குப் பிறகு, தானியம் கொண்டுவரவாவது வழி வேண்டும் என்று மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலத் தண்டவாளம் போட்டு 1906ல் ஒரு குட்டி ரயில் விட்டார்கள். பிற்பாடு அது ஓசூர் வரைக்கும் போயிற்று. இரண்டாவது மகாயுத்தத்தின்போது அதுவும் நின்றுபோயிற்று. பஞ்சத்துக்காக வந்த ரயில் யுத்தத்தில் போனது என்று வாத்தியார் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

ஒகேனக்கலுக்குப் போகிற வழியில் பாப்பாரப்பட்டியில் இறங்கினோம். சுப்பிரமணிய சிவா கண் மூடிய ஊர் அது. வத்தலகுண்டில் பிறந்து, 1908ல் வ.உ.சி.யோடு சிறை புகுந்து, குஷ்டரோகத்தோடு வெளியே வந்த மனிதர். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள். கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இந்தப் பொட்டல் ஊரில் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. 1923ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23ஆம் தேதி சிவா போய்விட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது; என் வயதைவிடக் குறைவு. அவர் நினைவிடத்தில் அன்று எங்களைத் தவிர ஒரு ஆட்டுக்குட்டி மட்டும் இருந்தது.

பென்னாகரத்தைத் தாண்டியதும் பாதை மலைச் சரிவில் இறங்க ஆரம்பித்தது. வளைந்து வளைந்து, காட்டுக்குள்ளே, கீழே, இன்னும் கீழே. பெரியப்பாவின் விடுகதைக்கு அந்த இறக்கத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது. தருமபுரி மேட்டில் இருக்கிறது. காவிரி பள்ளத்தில் ஓடுகிறது. மாவட்டத்தின் மேற்கு எல்லையைத் தொட்டுக்கொண்டு, வருஷம் முழுவதும் ஊராருக்குத் தலையைக்கூடக் காட்டாமல், ஆழத்தில் பாறைகளுக்கு நடுவே நழுவிப் போய்விடுகிறது. நேரே மேட்டூர். அங்கே 1934ல் கட்டி முடித்த அணை அதைப் பிடித்து வைத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு அனுப்புகிறது. எங்கள் வாய்க்காலுக்கு, எங்கள் வயலுக்கு. எங்கள் வீட்டில் பெரியம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, அவள் அன்று காலையில் குளித்த தண்ணீர் இந்த ஊரைக் கடந்து வந்ததுதான்.

ஒகேனக்கல் என்றால் கன்னடத்தில் புகைகிற கல் என்று அர்த்தம். பெயர் வைத்தவர் மகா ரசிகர். ஆறு ஒரே அருவியாக விழாமல் பத்துப் பன்னிரண்டு கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு பாறை இடுக்கிலும் ஒவ்வொரு தினுசாகக் குதிக்கிறது. திவலை புகையாக எழும்பி வெயிலில் வானவில் காட்டுகிறது. பரிசலில் ஏறினோம். மூங்கில் பிளாச்சால் பின்னிய பெரிய வட்டக் கூடை; ஒரு காலத்தில் அடியில் தோல் கட்டினார்கள், இப்போது பிளாஸ்டிக் படுதாவுக்குத் தார் பூசிவிடுகிறார்கள். பாறைச் சுவர்களுக்கு நடுவே போனதும் பரிசல்காரர் துடுப்பை ஒரு போடு போட்டார். கூடை பம்பரமாகச் சுற்றியது. நான் தைரியசாலி என்ற பொய்யை அந்த ஒரு நிமிஷத்தோடு விட்டுவிட்டேன். கரைக்கு வந்ததும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர் என்னைப் பிடித்துக் குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு விட்டார். அருவியில் நின்றேன். வறுத்த மீன் வாசனை வந்தது. சுற்றிலும் ஒரே சிரிப்பும் கூச்சலும். தண்ணீரில்லாக் காடாம்! பாட்டி உயிரோடு இருந்தால் அழைத்து வந்து காட்டியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது வாத்தியார் வண்டியை ஒரு கிராமத்துக்குள் விடச் சொன்னார். "தண்ணியைப் பார்த்தாச்சு. கல்லைப் பார்க்கவேண்டாமா?" என்றார்.

ஊர்க் கோடியில் புளிய மரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக் கல். எண்ணெயும் மஞ்சளும் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள். உற்றுப் பார்த்தால் ஒரு மனிதன். ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள். ஊர்க்காரர்களுக்கு அவர் வேடியப்பன் சாமி. ஆராய்ச்சிக்காரர்களுக்கு நடுகல். இந்த மாவட்டத்திலும் பக்கத்துச் செங்கம் பக்கத்திலும் இப்படிப்பட்ட கற்கள் ஏராளம். தொல்லியல் துறையினர் ஊர் ஊராகத் தேடிப் பதிவு செய்தார்கள். செங்கம் நடுகற்களைப் பற்றிய தொகுதி 1972ல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வந்தது. தருமபுரி நகரில் இந்தக் கற்களைச் சேர்த்து ஓர் அகழ்வைப்பகமே வைத்திருக்கிறார்கள். எழுத்துள்ள கற்களில் வாசகம் பெரும்பாலும் ஒரே மாதிரி. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊரில், தொறு கொண்டபோது, அதாவது மாட்டு மந்தையைக் கவர்ந்துகொண்டு போனபோது, அதை மீட்டுப் பட்டான் இன்னாருடைய சேவகன் இன்னான், அவன் கல். அவ்வளவுதான்.

எனக்கு அதில்தான் மனசு நின்றது. தகடூரை அழித்த போரைப் பாடிய நூல் தொலைந்துவிட்டது. அதியமானுக்கு நட்ட கல்லைக் காணோம். மாட்டுக்காகச் செத்தவனுடைய பெயரும் ஊரும் 1400 வருஷமாக மழையிலும் வெயிலிலும் நின்றுகொண்டிருக்கின்றன. கல்லில் அரசனுக்கு வேலை தேதி சொல்வதுதான்.

எதிர் வீட்டுத் திண்ணையில் எங்களை உட்காரச் சொன்னாள் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். வாத்தியாரிடம் படித்தவளாம். "கூழு இருக்குது, குடிக்கிறீங்களா வாத்தியாரே? மோர் ஊத்தித் தரேன்" என்று சொம்பைக் கொண்டுவந்து வைத்தாள். கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். பெரியப்பா இந்த ஊரை விட்டு வர மறுத்ததற்குப் பாட்டி சொன்ன காரணம் பொய் இல்லை என்று தெரிந்தது. வாத்தியார் பள்ளிக்கூடக் கதை ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். சிரிக்கும்போதெல்லாம் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். எனக்குக் கதாசிரியப் புத்தி. நாட்டுப்புறப் பெண்ணின் நாணத்தைப் பற்றி மனசுக்குள் ஒரு வாக்கியம் தயார் செய்ய ஆரம்பித்தேன். நல்ல வாக்கியமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

அவள் உள்ளே போனதும் வாத்தியார் மெதுவாகச் சொன்னார்: "வெட்கமில்லை தம்பி. பல்."

பிறகு விளக்கினார். இந்தச் சீமைப் பாறைகளில் புளோரைடு என்ற உப்புச் சத்து இருக்கிறது. மழை பொய்த்துக் கிணறு வற்ற, ஆழ்துளை போட்டு இறங்க இறங்க, பல இடங்களில் தண்ணீரோடு அதுவும் சேர்ந்து வந்தது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க ஆகாது என்பது கணக்கு. அதற்கு மேல் இருந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே மஞ்சளாக, பழுப்பாக, கோடு கோடாக முளைத்தது. எந்தப் பற்பொடியும் அதைத் தேய்த்து எடுக்க முடியாது. இன்னும் அதிகமானால் எலும்பையும் பிடிக்கும். முழங்கால் வளையும், முதுகு நிமிராது. "என் வகுப்பிலே முன் வரிசை முழுக்கக் கையால் வாயை மூடிக்கொண்டுதான் பாடம் ஒப்பிக்கும். முதலில் நானும் மரியாதை என்று நினைத்தேன். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைச் சிரிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள்" என்றார்.

சற்று முன்பு அருவியில் நின்று கூச்சல் போட்டேனே, அந்த இடம் அங்கிருந்து ஒரு மணி நேரப் பிரயாணம்கூட இல்லை. அவ்வளவு தண்ணீரும் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருக்க, மேட்டில் இருந்தவர்கள் பாறையைத் துளைத்துக் குடித்திருக்கிறார்கள். என் பற்கள் வெள்ளையாக இருப்பதற்கு என் சாமர்த்தியம் எதுவும் காரணமில்லை. நான் ஆற்றின் கீழ்க் கோடியில் பிறந்தவன்.

காவிரியை மேலே ஏற்றிக் கொண்டுவரவேண்டும் என்ற பேச்சு வெகு நாளாக இருந்தது. ஜப்பான் நாட்டுக் கடன் உதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாயிற்று. 2008ல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. பத்திரிகைகளில் தினமும் அதுதான் செய்தி. நானும் அந்தச் செய்திகளைப் படித்தவன்தான். இரண்டு ராஜ்யத்து அரசியல் சண்டை என்ற அளவில் படித்து மடித்து வைத்தேன். அதில் ஒரு பல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. 2013ல் திட்டத்தைத் திறந்தார்கள். பள்ளத்துக் காவிரியைச் சுத்தம் செய்து, மேட்டுக்கு ஏற்றி, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து ஊர்களுக்கும் குழாய் போட்டார்கள். இந்தக் கிராமத்துக் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லையாம். சொன்ன நேரத்துக்கும் வருவதில்லையாம். வராத நாளில் மறுபடி ஆழ்துளைத் தண்ணீர்தான். அதையும் அந்தப் பெண்மணியே குறையாகச் சொன்னாள், வாய்க்கு நேராக முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

அவளுடைய கடைசிப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தூணுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டு வயதிருக்கும். வாத்தியார் அதைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். வேடியப்பனைக் காட்டி, "இந்தச் சாமிக்குத் துணையாக நாய் ஒன்று எங்கே இருக்கு, சொல்லு பார்க்கலாம்?" என்றார். குழந்தைக்குத் தெரியவில்லை. செங்கத்துப் பக்கம், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் இருக்கும் கல்லைப் பற்றிச் சொன்னார். மகேந்திரவர்ம பல்லவன் காலம். கருந்தேவகத்தி என்ற வாலிபன் தன் எருமைகளை மீட்கப் போய்ச் சண்டையில் விழுந்தான். அவன் கூடவே போன நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அவனைக் காத்துக்கொண்டு நின்றது. ஊரார் கல் நட்டபோது அவன் உருவத்துக்குப் பக்கத்தில் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதிவைத்தார்கள்.

"நாய்க்குப் பேரா? என்ன பேரு?"

"கோவிவன்."

அந்தப் பெயர் குழந்தைக்கு என்னவோ வேடிக்கையாகப் பட்டுவிட்டது. 'கோவிவன், கோவிவன்' என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தது. பிறகு தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையையும் திண்ணையில் ஊன்றியபடி வாய் விட்டுச் சிரித்தது. நான் பல்லைப் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். முன்வரிசையில் ஒன்று விழுந்திருந்தது. மற்றவை வெள்ளை வெளேரென்று இருந்தன.

"அப்புறம் அந்த நாய் என்ன ஆச்சு தாத்தா?"

"காத்துக்கொண்டு நின்றது என்கிற வரைக்கும்தான் கல்லிலே எழுதியிருக்கு கண்ணு."

"யாரும் வந்து வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகலியா?"

வாத்தியார் பதில் யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் தெருக்கோடியில் இரண்டு மூன்று குரல்கள் ஒரே சமயத்தில் எழுந்தன. உள்ளேயிருந்து அந்தப் பெண்மணி, "ஏ புள்ளே, தண்ணி வந்திருச்சு! குடத்தை எடுத்துக்கிட்டு ஓடு!" என்று கத்தினாள். குழந்தை கோவிவனை அப்படியே விட்டுவிட்டு, தன் உயரத்துக்குப் பாதி இருந்த பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவில் ஓடிற்று.